டம்ளரில் ஒரு தட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கோபத்தில் எழுதினால் கோர்வை தப்பிவிடும் என்று முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நீங்கள் டம்ளரில் தட்டுவது.
2. ஆங்கிலத்தின் 'எ', 'தி' பற்றி எனக்குத் தெரிந்தது.
3. என் மகளுக்கு நான் சொன்ன புத்தி.

என் மகள் ஆங்கிலம் பேசும்போது 'எ', 'தி' விட்டுப்போனால் கரண்டியால் டம்ளரில் தட்டுகிறீர்களாம். விருந்தாளிகளும் அடுத்த தட்டு எப்போது விழும் என்று காத்திருந்து சிரிக்கிறார்களாம். தொலைபேசியில் கேட்டேன். "சும்மா வெளையாட்டுதான் மாமா, அவ தேறணும்ல" என்றீர்கள். "சரிங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டேன். "மாப்பிள்ளைன்னா ஒங்களுக்கு நாக்கு உள்ள போயிடுமா?" என்று உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டாவது. காலமெல்லாம் ஆங்கில இலக்கணம் கற்பித்தவன் நான். நதிக்கு 'தி' உண்டா, ஏரிக்கு உண்டா என்று இன்றைக்கும் ஐயம் வந்து புத்தகத்தைத் திறக்கிறேன். நம் பேச்சில் கட்டாயமில்லாத ஒன்று நாக்கில் ஏற நாளாகும். அது குற்றமா? போன வாரம் உங்கள் நண்பரின் மனைவியிடம் என் மகள், தான் 'இன் ஹாஸ்பிடல்' இருந்ததாகச் சொன்னதற்கும் தட்டினீர்களாம். நோயாளியாகப் படுத்திருந்தவருக்கு அங்கே 'தி' வேண்டாம். பார்த்துவிட்டு வரப் போனவருக்குத்தான் வேண்டும். சில நாடுகளில் இருவருக்கும் போடுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். என் விளக்கமே தவறாக இருந்துவிட்டுப் போகட்டும். வயிற்றிலிருந்த இரண்டாவது குழந்தை தங்காமல் போனதை ஒருத்தி முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறாள். அப்போது கரண்டியை எடுக்க உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது?

மூன்றாவது. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, உன் நல்லதுக்குத்தானே செய்றார்" என்று அவளிடம் சொன்னேன். பெரியவன் சொல்ல வேண்டியது அதுதான் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "ஒங்க பேத்தியும் தட்ட ஆரம்பிச்சுட்டாப்பா. நான் தமிழ்ல பேசினாலும் தட்டுறா. அம்மா வாயத் தொறந்தா தட்டணும் போலன்னு நெனச்சுக்கிட்டிருக்கா" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும்தான்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதை மனதாரச் சொல்கிறேன். என் மகளைப் பேச விடுங்கள்.

நேற்று இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது தவறு. பொறுத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்று காலை அவளை அழைத்து, அந்தப் புத்தியைத் தூக்கிப் போடு, குழந்தையோடு எப்போது வேண்டுமானாலும் புறப்பட்டு வா என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்