கம்பஸ் மேடையிலை வைச்ச படையல்

பருத்தித்துறை
12.3.94

சந்நிதியான் துணை

என்ரை அன்பு மகன் தவராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை, முழங்கால் நோ மட்டும் மாரி முடிஞ்சும் விடேல்லை, நீ அந்தக் குளிருக்குள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கவேணும் எண்டுதான் சந்நிதியானைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். உன்ரை தை மாசக் கடிதம் போன கிழமைதான் கொழும்பாலை வந்த ஆளிட்டைக் கிடைச்சது. உன்ரை அண்ணையின்ரை முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு எப்பிடியும் வாறன் எண்டு எழுதியிருந்தாய். நாலைஞ்சு தரம் வாசிச்சுப் போட்டன். அதுக்கு மறுமொழி பிறகு எழுதுறன், முதல் கம்பஸ் சங்கதியைக் கேள்.

அண்ணை படிச்ச பல்கலைக்கழகக் கம்பஸின்ரை பழைய மாணவர் சங்கம் அவனைக் கௌரவிக்கப் போகினம் எண்டு அந்தச் சங்கத்திலை இருக்கிற பத்மாசினி ரீச்சர் வீடு தேடி வந்து அழைப்புக் காட் தந்தா. முதல் நான் வேண்டாம் எண்டுதான் சொன்னன். உனக்குத் தெரியும்தானே, சட்டம் படிச்சு லோயராய் வந்த நாள்துவக்கம் கண் மஞ்சளாகிச் செங்கமாரியிலை விழுந்த நாள் மட்டும் அவன் அந்தக் கம்பஸுக்குத்தான் பிள்ளை, ஆமியிட்டைப் பிடிபட்ட பெடியளுக்காகக் காம்ப் காம்பாய்த் திரிஞ்சதுக்கும் கம்பஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் குடுத்ததுக்கும் ஒரு சதம் வாங்கேல்லை, கலியாணம் பேசினால் இந்த வழக்கு முடியட்டும் அம்மா எண்டுவான். வழக்கு எங்கை முடிஞ்சது. பிள்ளைகுட்டி இல்லாமல் போனவன், நீயும் கடலுக்கு அங்காலை, எனக்குப் பிறகு அவன்ரை திவசத்துக்கு ஆர் ஒரு விளக்குக் கொளுத்துவினம் எண்ட யோசினைதான் எனக்கு. அதாலைதான் காத்திகையிலை உன்னை வா எண்டு எழுதினனான்.

காட்டிலை அமரர் நடராசா எண்டு கிடந்தபடியால் நான் அதையும் ஒரு திவசம் மாதிரித்தான் விளங்கினன். செத்தவன்ரை படத்துக்கு முன்னாலை வெறுங்கையோடை போய் நிக்கிறதோ. வெள்ளெனச் சமைச்சன், குத்தரிசிச் சோறு, கணவாய்க்கறி, முருங்கையிலை வறை, அவனுக்கு விருப்பமான எள்ளுருண்டை. பரமலிங்கம் மாமா சாப்பாட்டுக் கரியரைக் கண்டிட்டு, அக்கா அங்கை பேராசிரியர்மார் வருவினம், உன்ரை கணவாய் மணத்துக்கு மேடையை விட்டு ஓடப் போகினம் எண்டு வான் வண்டிக்குள்ளை வழிநெடுகப் பகிடி. அங்கை படம் திறந்து மாலை போட்டு எல்லாரும் பேசிச்சினம். ஆட்டை முடியேல்லை, பொன்னாடை எனக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். மேடைக்குக் கூப்பிட்டவுடனை நான் போய்ப் படத்தடியிலை வாழையிலையை விரிச்சுச் சோத்தைப் போட்டுக் கறியை விட்டன். மாமா தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்கிறார். அப்பதான் எனக்கு விளங்கினது இது அப்பிடியான இடமில்லை எண்டு. வெக்கத்திலை இலையை மடிக்கப் போறன், அங்கை படிப்பிக்கிற வின்சன்ற் மாஸ்ரர், எண்பத்தாறிலை அண்ணை காம்பாலை மீட்டுக்கொண்டு வந்த ஆள், சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறி வந்து, மடிக்காதேங்கோ அம்மா, படையல் எடுக்க உரித்துக்காரர் நாங்கள் இருக்கிறம் எண்டு சொல்லி ஒரு பிடி அள்ளி வாயிலை வைச்சார். பிறகு ஒவ்வொருத்தராய் வந்திச்சினம், அவன் காம்பாலை எடுத்து விட்ட ஆக்கள்தான் முழுக்க. கணவாய்க்கு உப்புக் காணாது எண்டு ஒருத்தர் சொல்ல எல்லாரும் சிரிச்சினம், நானும் சிரிச்சுப் போட்டனடா. அவன் செத்த ஆடிக்குப் பிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான். திவசம் எப்ப எண்டு கேட்டுத் திதியையும் எழுதிக்கொண்டு போயிருக்கினம்.

ஆனபடியால் மகன், நீ வராதை. அங்கை உனக்கு விசா குடுக்க முதல் வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது எண்டு மாமா சொல்லுறார், கிளாலிக் கடலிலை சனம் வாற வள்ளங்களை நேவி சுடுறது உனக்கும் கேள்விதானே. ஒருத்தனைப் படலையோடை நிண்டு சுடலைக்கு அனுப்பினன், இன்னொருக்கா அப்பிடி நிக்க என்ரை காலுக்குப் பெலனில்லை. வா எண்டு எழுதின என்ரை கடிதத்தைக் கிழிச்சுப் போடு. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, எண்ணெய் வைச்சுத் தலை முழுகு, சந்நிதியான் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றுவார். ஒண்டு மட்டும் மறவாதை. அம்மா நான் வரட்டோ எண்டு திருப்பி எழுதிக் கேளாதை. நீ கேட்டால், வேண்டாம் எண்டு இன்னொருக்கா எழுத என்னாலை ஏலாது.

இப்படிக்கு,
உன்ரை அம்மா
பூரணம்