ஊரை விட்டுப் போனதாக எழுதப்பட்ட இருபத்திரண்டு பிள்ளைகள்

அனுப்புநர்:
கோ. ஸ்ரீமதி,
கணினிப் பதிவாளர் (தொகுப்பூதியம்),
அரசு உயர்நிலைப் பள்ளி, ஆனைப்பொட்டல்,
தென்காசி வட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலிலிருந்து மாணவி ம. சுகந்தி உள்ளிட்ட 22 பேர் நீக்கப்பட்டது – மீண்டும் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பெயர்ப்பட்டியல் திருத்தத்திற்கு வரும் 23ஆம் தேதி மாலை ஐந்து மணி கடைசி என்பதால், நேராக விஷயத்திற்கு வருகிறேன்.

1. சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் 74 பேர். இந்த ஆண்டு பொதுத்தேர்வுப் பட்டியலில் இருப்பவர்கள் 52 பேர். மீதி 22 பேருக்கும் அக்டோபர் மாதம் ஒரே பிற்பகலில் மாற்றுச் சான்றிதழ் பதிவானது. எந்தப் பெற்றோரும் அதைக் கேட்கவில்லை. 'குடும்பம் வேறு ஊருக்கு இடம்பெயர்ந்தது' என்பதே 22 பேருக்கும் காட்டப்பட்ட காரணம்.

2. அதைப் பதிவு செய்தவள் நான்தான். தலைமையாசிரியர் கொடுத்த பெயர்களை வரிசையாகத் தட்டினேன். ஏழாவது பெயரில் கை நின்றது. சுகந்தி அன்று காலைதான் வருகைப் பதிவேட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் இங்கேதானே இருக்கிறாள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "சீசனுக்குக் குற்றாலத்துல போய்த் தங்குதாவள்லா? அதுவும் இடம்பெயர்வுதாம்மா. நீ போடு" என்றார். போட்டேன்.

3. சுகந்தியின் தாயார் சங்கரேஸ்வரி சீசன் மாதங்களில் அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிறார். சாரல் விழும் அந்த இரண்டு மாதம் குடும்பமே கடையில்தான் தூங்கும். சுகந்திக்கு ஜூன், ஜூலையில் பாதி நாள் வருகை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கடை பள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டர்; மழை இல்லாத நாளில் எங்கள் மைதானத்திலிருந்தே அந்த மலை தெரியும். ஆகஸ்ட் தொடக்கத்தில் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். அக்டோபரில் இடம்பெயர்ந்தது அவர்களுடைய பெயர் மட்டும்தான்.

4. பிறகு, பெற்றோர் தொழில் என்ற கட்டத்தை வைத்து அந்த 22 பெயர்களையும் பிரித்துப் பார்த்தேன். பதினொரு பேர் சீசன் கடைக்காரர்களின் பிள்ளைகள். ஏழு பேரின் தாய்மார் பீடி சுற்றுகிறவர்கள். நான்கு பேர் செங்கல் சூளைக் குடும்பங்கள். காவலர், ராணுவத்தினர், அரசு ஊழியர், சொந்த வயல் உள்ளவர் ஆகியோரின் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. நீக்கப்பட்ட 22 பேரைப் போலவே, இவர்கள் வீட்டுப் பிள்ளைகளிலும் ஒன்பது பேர் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் தவறியவர்கள்தாம். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்பார்கள்.

5. காரணம் தாங்கள் அறியாததல்ல. பள்ளி வாசலில் மூன்று ஆண்டுகளாக நூறு சதவீதத் தேர்ச்சிப் பதாகை தொங்குகிறது. தலைமையாசிரியரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். "மேல கேக்குதது ஒரே ஒரு நம்பர்மா. அதுல ஒண்ணு கொறஞ்சாலும் என்னையத்தான் நிக்க வச்சுக் கேப்பாவ" என்று ஒருநாள் சொன்னார். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை. நூறு சதவீதம் காட்டும் பள்ளிக்கு ஆசிரியர் எதற்கு என்று மேலே இருப்பவர்கள் நினைத்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த நூறைத் தட்டி அனுப்பியவளும் நான்தான்.

6. அக்டோபருக்குப் பிறகும் அந்தப் பிள்ளைகளை எப்போதும்போல வரச் சொன்னார்கள். சான்றிதழ் யார் கையிலும் கொடுக்கப்படவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் பட்டியலில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோதுதான் சுகந்திக்குத் தன் பெயர் இல்லை என்று தெரிந்தது. "பிரைவேட்டா எழுதிக்கிடலாம் ஏட்டி, அழாத" என்று ஆசிரியர்கள் அவளைத் தேற்றினார்கள். தனித்தேர்வராக எழுத வேண்டுமானால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும்; அந்தத் தேதி போய்விட்டது. சென்ற ஆண்டு இப்படி நீக்கப்பட்ட 19 பேரில் பின்னர் தேர்வு எழுதியவர்கள் இரண்டே பேர்.

7. தாயார் சும்மா இருக்கவில்லை. குறைதீர் மனு அனுப்பினார். அது சுற்றி, விளக்கம் கேட்டு எங்கள் பள்ளிக்கே வந்தது. 'மனுதாரர் குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டதால் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல' என்று தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல அந்தப் பதிலையும் நானே தட்டச்சு செய்தேன். நகலை மனுதாரரின் முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். அதாவது, அவர் இல்லை என்று நாங்கள் எழுதிய அதே வீட்டிற்கு.

8. அது போய்ச் சேர்ந்தது. வாங்கிய தாயார் தபால்காரர் அய்யாத்துரையையே படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் படித்துவிட்டுச் சிரித்தாராம்: "யக்கா, நீங்க ஊர விட்டுப் போயிட்டியளாம். அப்பம் நான் யார்ட்ட கையெழுத்து வாங்குதது?" தெருவே சிரித்திருக்கிறது. மறுநாள் உறையோடு என்னிடம் வந்த தாயார் மட்டும் சிரிக்கவில்லை. "இத அடிச்ச பிள்ள நீதானாம்லா. ஒரு எட்டு வந்து பாத்துட்டு அடிச்சிருக்கலாமே தாயீ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

9. நான் கூட்டத்தில் பேசிப் பழகியவள் அல்ல. இம்மனுவைப் பற்றி வீட்டிலும் சொல்லவில்லை. பெயரில்லாமல் அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயரில்லாத காகிதமும் விளக்கம் கேட்டு எங்கள் பள்ளிக்கே வரும். அதற்கும் நான்தான் பதில் தட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே, தாங்கள் நேரில் ஒருவரை அனுப்பி அந்த 22 வீடுகளின் கதவையும் தட்டிப் பார்க்கச் செய்யுமாறும், அங்கே இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை 23ஆம் தேதிக்குள் பட்டியலில் சேர்க்க அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன். இம்முறை விளக்கத்தைப் பள்ளியிடம் கேட்க வேண்டாம். ஒரு பெயரைத் திருப்பிச் சேர்க்க மூன்று நிமிடம் ஆகும். அதற்கான அனுமதி தங்கள் கடவுச்சொல்லில்தான் இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணி வரை நான் கணினி முன்னால் இருப்பேன். அதற்குப் பிறகு என்மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

சுகந்தி இன்னும் பள்ளிக்கு வருகிறாள். சென்ற வாரத் திருப்புதல் தேர்வில் அவளுடைய கணித விடைத்தாள் மட்டும், வரிசை எண் இல்லாததால் திருத்தப்படாமல் என் மேசைக்கு வந்தது. புதிதாக வந்திருக்கும் கணித ஆசிரியையிடம் கேட்டுத் திருத்தி வாங்கினேன். 47 மதிப்பெண். அதைப் பதிய என்னிடம் கட்டம் இல்லை.

இடம்: ஆனைப்பொட்டல்
நாள்: 20.01.2026

இப்படிக்கு,
கோ. ஸ்ரீமதி
(கையொப்பம்)

இணைப்பு:
1. பள்ளியின் பதில் கடிதம், தபால் முத்திரையுள்ள உறையுடன்.
2. ம. சுகந்தியின் கணித விடைத்தாள்.