பேர் வெட்டின டம்ளர்

சிதம்பரம்,
10.6.2024

மாப்பிள்ளை கதிர்வேலுக்கு,

'அன்புள்ள' என்பதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். உங்கள் போனை எடுக்க மாட்டேன். பேச்சில் என்னை மடக்கிவிடுவீர்கள். உங்கள் மனைவியானாலும் என் தங்கை என்பதால் பொன்னியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று வெண்மதி நிச்சயதார்த்தத்தில் சந்தனத்தை முதலில் யாருக்குக் கொடுத்தீர்கள்? திட்டக்குடியிலிருந்து வந்த உங்கள் பெரியப்பா மகனுக்கு. பெண்ணின் தாய்மாமன் நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன். 'இனிமே ஒங்க ஊட்ல கை நனைக்க மாட்டேன்' என்று எழுந்து வந்தது அதனால்தான். பந்திக்கு அரை மணிதானே என்று சர்க்கரை மாத்திரையை முன்னமே போட்டிருந்தேன். என் தவறு அது ஒன்றுதான்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் எனக்கு நினைவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் டம்ளரில் இனிப்பாக ஏதோ கொடுத்து, ஆட்டோ பிடித்து இங்கே சேர்த்தாராம். அவர் டம்ளர்கூட இங்கேதான் கிடக்கிறது. வேற்று மனிதருக்கு இருந்த அக்கறை உங்களுக்கு இல்லை. ஆவணியில் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

கண்ணாயிரம்

கடலூர்,
11.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டுத்தான் எழுதுவேன்.

சந்தன விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். கிண்ணத்தை எடுத்ததும் அண்ணன் கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையை மடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் புண்ணியவான் நான்தான். மாத்திரை போட்ட வெறும் வயிற்றோடு போகிறீர்களே என்று பந்தியை விட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு, ஒரு டம்ளர் பாயசத்தை மூடி எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் ஓடி வந்தேன். கிட்டே வந்தால் இறங்கிவிடுவீர்கள் என்று பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டி எழுந்து வந்து பார்த்தால் உங்கள் சட்டையெல்லாம் வேர்வை. திட்டியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்து, 'வாங்க மாப்ள, ஒங்கள மாதிரி நல்ல மனுசன் உண்டா' என்றீர்கள். நாற்பது வருஷத்தில் கேட்காத வார்த்தை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதே தெரிந்துபோனது. உடனே பாயசத்தைக் குடிக்க வைத்தேன். அதற்கப்புறமும் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முப்பத்தெட்டுதான் இருந்தது.

என் பேரைச் சொன்னால் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிடுவீர்கள் என்று பொன்னிக்குப் பயம். அதனால்தான் சொல்லவில்லை. நம்பாவிட்டால் டம்ளர் விளிம்பில் வெட்டியிருக்கும் பேரைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

மாமா மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்கிறாள் வெண்மதி. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள்,
கதிர்வேல்

சிதம்பரம்,
12.6.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் நான் உங்களைப் புகழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு சர்க்கரையில் சொன்னது செல்லாது.

டம்ளரைப் பார்த்தேன். 'அன்பளிப்பு: கண்ணாயிரம்.' பொன்னி கல்யாணத்துக்கு நான் கொடுத்த ஆறில் ஒன்று. பள்ளிக்கூடம் போகாமல் நானாக எழுதப் பழகிய புதிது. பாத்திரக் கடையில் என் கையால் எழுதிக் காட்டி வெட்டச் சொன்ன பேர். இத்தனை வருஷம் தேய்த்தும் அழியவில்லை. ஆகவே நான் குடித்தது என் டம்ளரில். உங்கள் வீட்டில் கை நனைத்ததாகாது. சொன்ன சொல் நிற்கிறது.

மாத்திரையின் வேகம் அடங்கும்வரை போகக் கூடாது என்று மணிக்கொரு தரம் விரலில் குத்தினார்கள். நாளை அனுப்புகிறார்கள். டாக்டர் சந்திரலேகா, 'மாத்தர போட்டா சாப்ட்டே ஆவணும் பெரியவரே. கோவத்த சாப்ட்டப்புறம் வச்சிக்குங்க' என்றார். டாக்டர் சொல்லை மீற முடியாது.

வெண்மதியைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆவணியில் மாலையோடு வருவேன். சந்தனம் முதலில் எனக்கு. பந்திக்கு நீங்கள் கூப்பிட வேண்டாம். நீங்கள் கூப்பிட்டு நான் உட்கார மாட்டேன். ஆனால் அன்றைக்கு மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்ப மாட்டேன். சட்டைப்பையில் கொண்டுவந்து, என் முன்னால் இலை விழுந்ததும் அங்கேயே போட்டுக்கொள்வேன். அப்புறம் டாக்டர் சொன்னபடி.

பாயசத்தில் ஏலக்காய் ஜாஸ்தி. கல்யாணத்தில் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்,
கண்ணாயிரம்