ருஸ்தெமின் ஆறு எழுத்துகள்

அன்பு மகள் கலினாவுக்கு அம்மா ஸ்லாவ்கா எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வலென்சியாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். மிளகாய் சுட்டு உரித்து இருபது பாட்டில் அரைத்து வைத்தாகிவிட்டது, பேருந்தில் வருகிறவர்களிடம் எட்டு கொடுத்தனுப்புகிறேன், உன் மாமியாருக்கும் ஒன்று கொடு, கஞ்சத்தனம் பண்ணாதே.

ஊரெல்லாம் தேர்தல் பேச்சுதான். நம் மெலிஹா நாடாளுமன்றத்துக்கு நிற்கிறாள், தையல் ஆலைப் பெண்களுக்காகச் சாலையில் உட்கார்ந்து போலீஸ் தூக்கிக்கொண்டு போனதே, அவளேதான். தொலைக்காட்சிக்காரர்கள் அவளுடைய சின்ன வயதைத் தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள். சீர்திருத்தப் பள்ளியில் நாலு வருடம் கிடந்ததையும், மூன்று தடவை தப்பி ஓடிப் பிடிபட்டு அடிவாங்கியதையும் சொல்லிவிட்டு, தன்னைக் காட்டிக்கொடுத்தது பெஞ்சோ வாத்தியார் என்கிறாள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மனைவி வெலிக்காவுக்கு இப்போது ரொட்டிக் கடையில்கூட யாரும் முகம் கொடுப்பதில்லை. கலினா, காட்டிக்கொடுத்தது வாத்தியார் இல்லை, நான்.

நீ அப்போது இரண்டு வயதுக் குழந்தை. நம் நாட்டுத் துருக்கியர்களுக்கெல்லாம் அரசாங்கம் கட்டாயமாகப் பல்கேரியப் பெயர் வைத்த குளிர்காலம். மெலிஹாவின் அப்பா ருஸ்தெம் முடியாது என்றார், பிடித்துக்கொண்டு போனார்கள், பிணமாகத்தான் வந்தார். கதவிலும் மரத்திலும் ஒட்டுகிற இறப்புத் தாளுக்கு, நான் வேலை பார்த்த அச்சகத்தில் நான்தான் அச்சுக் கோர்த்தேன். முஸ்லிம்களுக்குப் போடும் பச்சைக் கரை கூடாது, கறுப்புதான், பெயரும் அவர்கள் வைத்த ருமென் என்றுதான் போடவேண்டும் என்று உத்தரவு. பத்து வயது மெலிஹா தெருத்தெருவாகப் போய் அத்தனையையும் நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். பிறகு ஒரு மத்தியானம் என்னிடம் வந்து, "அத்தை, அப்பாவோட நிஜப் பேரை ஒரே ஒரு தாள்ல போட்டுக் குடுங்க, வீட்டுக்குள்ளதான் ஒட்டுவோம்" என்று கெஞ்சினாள். போடி, என் குடியைக் கெடுக்காதே என்று விரட்டினேன். மறுநாள் பார்த்தால் பெரிய எழுத்துப் பெட்டியில் ஆறு ஈய எழுத்துகளைக் காணோம். யாராவது துண்டுப்பிரசுரம் அடித்துவிடுவார்களோ என்று பயந்து எழுத்துகளை எண்ணி வைத்த காலம் அது. மேலாளர் ஒரு முறைதான் கேட்டார், அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். அவளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிற தாளில் வாத்தியாரைக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள், அதை வைத்துத்தான் அவரே காட்டிக்கொடுத்தார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மெலிஹா ஓட்டுக் கேட்டு நம் வீட்டுக்கும் வந்தாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், என் புத்தியைப் பார், அந்த எழுத்துகளை என்னடி செய்தாய் என்றுதான் வாயில் வந்தது, நாற்பது வருடமாக மண்டையைக் குடைந்த கேள்வி. அவள் கோபப்படவில்லை. "பூட்ஸ் பாலிஷைத் தடவி, நீங்க அடிச்ச தாளோட பின்பக்கத்துல ஒவ்வொண்ணா அமுக்கினேன் அத்தை. பீரோக் கதவுக்கு உள்ளாற ஒட்டினோம். அம்மா தினம் தொறந்து பாத்துட்டு மூடுவாங்க" என்றாள். பிறகு என்னையே உற்றுப் பார்த்து, "அன்னிக்கு என் பேரைச் சொன்னீங்களே, என் மேல கோவமா, இல்ல பயமா?" என்று கேட்டாள். பயம்தான், தொட்டிலில் குழந்தை இருந்தது என்றேன். ஒரு துண்டுகூடத் தொடாமல் எழுந்தாள். கூட வந்த கட்சிக்காரன், "தேர்தல் முடியட்டும் மேடம், இப்ப எதுக்கு வம்பு?" என்று முணுமுணுத்தான். "மேடைக்கு மேடை ஒரு நல்ல மனுஷனைத் திட்டியிருக்கேன், ஓட்டுப் போனா போகட்டும்யா" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, என்னை வெலிக்கா வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசலில் நின்று, "தட்டுங்க அத்தை, நீங்கதான் தட்டணும்" என்றாள்.

தட்டினேன். வெலிக்கா முழுவதையும் கேட்டாள், மெலிஹா மன்னிப்புக் கேட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம், "அவரு இருக்கையிலயே வந்திருக்கலாமே ஸ்லாவ்கா" என்று மட்டும் சொன்னாள். 

முதுகு வலிக்குக் கம்பளி சுற்றிக்கொள், குளிரில் வேலைக்கு ஓடாதே. நீயும் உன் பிள்ளைகளும் யாருக்கும் பயப்படாமல் நெடுநாள் வாழ வேண்டும், கடவுள் துணையிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை மெலிஹா தொலைக்காட்சியில் உண்மையைச் சொல்லப்போகிறாள், என் பெயரையும் சொல்லும்படி நானே கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். என் பெயர் வரும்போது தொலைக்காட்சியை அணைத்துவிடாதே.

உன் அம்மா,
ஸ்லாவ்கா