நசுங்காத எலுமிச்சம்பழம்

ஞாயிறு, ராத்திரி

கொக்கோ கொட்டை போட்டு வைக்கிற ஸ்டோருக்குள்ள வருஷக்கணக்கா தூங்கின பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்னைக்கு ஸ்டார்ட் ஆகலைன்னா வித்துடுறேன்னு இவரு காலையிலேயே சொல்லிட்டாரு. நான் நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சேன். "எஞ்சினே ஓடல, அதுக்குள்ள பழமா?"ன்னு கத்தினாரு.

மத்தியானம் வரைக்கும் கார் இருமிச்சே தவிர ஓடல. எனக்கு வந்த கோபத்துல சைலன்சருக்குள்ள கம்பியை விட்டுக் குத்தினேன். எலி சேர்த்து வச்ச கொக்கோ கொட்டை பொலபொலன்னு கொட்டிச்சு. இவரு திரும்பச் சாவியைத் திருப்பினாரு, எஞ்சின் உறுமிச்சு! என் முகமெல்லாம் கரி. இவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

பிரேக் இன்னும் பிடிக்கல, அதனால கார் நகரல. விக்கிற பேச்சையும் காணோம். ரிவர்ஸ்டன் மலைக்குத்தான் முதல் ஓட்டமாம்.

இப்ப படுக்கையில இருந்து சொல்றாரு: "பழம் வாடினா புதுசு மாத்தி வச்சிடு."