நோட்டில் ஏறிய பெயர்

அன்புள்ள யுஸ்தினாவுக்கு,

பாத்தாம் தீவிலிருந்து தொனாத்துஸ் எழுதுகிறேன். நான் நலம். அம்மாவின் இருமல் குறைந்ததா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, கவலைப்படாதே. கணக்கர் லிலிஸ் அக்கா விடுப்பில் போயிருந்தபோது, அலுவலக மெயிலைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் அவருடைய கடவுச்சொல்லை முதலாளி பாக் ஹென்ட்ரோ என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது பாக். மெயில் சர்வர் அதை யாருக்கும் காட்டாது. வேணும்னா புதுசா மாத்தித் தர்றேன்" என்றேன்.

"பூட்டுப் போட்டவனுக்கே சாவி தெரியாதாம். நல்ல கதைடா. இனிமே எல்லாரும் நோட்டுல எழுதணும். முதல்ல நீ எழுது."

கடவுச்சொல்லில் வீட்டார் பெயரை வைக்காதீர்கள் என்று அலுவலகத்தில் இருபத்திரண்டு பேருக்கும் பாடம் நடத்தியவன் நான்தான். ஆனால் என் கடவுச்சொல், உன்னை நான் மட்டும் கூப்பிடும் 'கெமிரிக்கொட்டை', கூடவே நம் திருமண ஆண்டு. பொய்யாக எழுதவும் வழியில்லை; அங்கேயே கணினியில் தட்டிச் சரிபார்த்தார்.

மறுநாள் மாற்றினேன். புதியதையும் எழுத வைத்தார். நோட்டு வரவேற்பு மேசையில் கிடக்கிறது. இப்போது லிலிஸ் அக்காவே, "டேய் கெமிரிக்கொட்டை, என் மெயில் திறக்கல, வந்து பாரு" என்கிறார்.

நோட்டைப் பார்த்து யாரும் திறக்கலாம், அதனால் என் அலுவலக மின்னஞ்சலுக்கு இனி எழுதாதே. நம் ஊர்த் தட்டிய சோள அவல் கொஞ்சம் தபாலில் அனுப்பு, உள்ளே உன் கையால் நாலு வரி வை. கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்பப் போகிறது, முடிக்கிறேன்.

நான் தங்கும் அறையில் அலுவலக ஆட்கள் மூவர் என்னோடு இருக்கிறார்கள். தொலைபேசியில் இனி உன்னை யுஸ்தினா என்றுதான் கூப்பிடுவேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

தொனாத்துஸ்