ஊரே ஆடுற உன் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கும்பிட்டு எழுதறேன். முழங்கால் வலி தேவலையா? தங்கச்சி வேளாவேளைக்கு மாத்திரை தர்றாளா? நான் நல்லா இருக்கேன். கையில தையல், அதான் எழுத்து கோணல்.

பயப்படாதே, சின்னக் கைகலப்புதான். என் அறையில கூட இருக்கற சுருட்டைமுடிக்காரன் ராப் பாடுவான்னு சொன்னேன்ல? அவன் வெளியிட்ட பாட்டு ஒரே வாரத்துல முதலிடம். டாக்சி, சலூன், நான் வேலை பார்க்கற மீன் குளிர்க்கிடங்கு, எங்கேயும் அதுதான். பாட்டுக் கம்பெனி அவனுக்குக் காரே குடுத்திருக்கு.

நேத்து கிடங்குலதான் முழுசாக் கேட்டேன். நடுவுல தாளம் நின்னு உன் குரல் வருது. "அப்பன் சாவுக்கு வராதவன் இனி வராதே." எனக்கு லீவு கிடைக்கலைன்னு தெரியாம நீ போன்ல பேசி அனுப்பினது. நான் தினமும் போட்டுக் கேட்டதை அவன் எனக்குத் தெரியாம பதிவு பண்ணிப் பாட்டுல சேர்த்திருக்கான்.

கிடங்குக்குச் சரக்கேத்த வந்த லாரி டிரைவர் அது உன் குரல்னு தெரியாம, உன்னை மாதிரியே அழுதுகாட்டி, "வராதே, வராதே"ன்னு இடுப்பை ஆட்டினான். பெட்டிப் பலகையால அவன் தாடையைப் பெயர்த்தேன். மீன்பெட்டியெல்லாம் ரத்தம். அறைக்கு வந்து சுருட்டையோட வாயில குத்தினேன். அவன் பல்லு கிழிச்சதுக்குத்தான் தையல். அப்பவும், "பாட்டு ஓடினதே உங்கம்மாவாலதான்டா"ன்னு சிரிச்சான். அதுக்கப்புறம்தான் மிதிச்சேன். ஆஸ்பத்திரியில இருக்கான், பிழைச்சுக்குவான்.

அப்பாவோட பழைய ஸ்வெட்டரை அனுப்பு, இங்க குளிர்.

போலீஸ்காரர் கதவைத் தட்டறார், விசாரணைதான். முடிச்சுக்கறேன். தெருவெல்லாம் நீ 'வராதே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கே. ஒரே ஒரு தடவை, எனக்கு மட்டும், 'வா'ன்னு பேசி அனுப்பும்மா.

உன் மகன்